இரண்டு நிமிடத் தமிழ்

சேசு மரி சூசை துணை

புதுச்சேரி
12 மார்ச் 1961

அன்புள்ள தம்பி தனிஸ்லாஸுக்கு,

அக்காள் பெர்னதெத் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மாமியார் ரோசா அம்மாளும் சுகம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. பாரிஸில் குளிர் தணிந்ததா, உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

ஒரு சினிமாவில் தலைகாட்டியிருப்பதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் நான் கேட்டது அதுவல்ல. கேட்டதை நாலாவது தடவையாகக் கேட்கிறேன்.

என் வீட்டுக்காரரும் நீயும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து ஒரே கப்பலில் சைகோன் சண்டைக்குப் போனீர்கள். ஒரே கம்பெனியில் இருந்தீர்கள். ஐம்பத்தொன்றில் அந்த ஆற்றங்கரைச் சண்டைக்குப் பிறகு நீ திரும்பினாய், அவர் திரும்பவில்லை. "சவரிராயன், காணாமற்போனார்" என்று பட்டாளத்திலிருந்து ஒரு வரி வந்தது, நீயும் அதையே எழுதினாய். பத்து வருஷமாக அந்த ஒரு வரியோடு குடித்தனம் நடத்துகிறேன். பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் டீச்சர்களான எங்களுக்கு ஒரு படிவம் தருவார்கள். மணமானவரா, விதவையா என்று ஒரு கேள்வி அதில் இருக்கும். நான் அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கொடுப்பேன். குமாஸ்தா கோவிந்தராசு அதை எனக்கே திருப்பி அனுப்புவார். பத்து வருஷமாக இந்தக் கூத்து நடக்கிறது.

கோர்ட்டில் விசாரித்தேன். கூட இருந்தவன் ஒருவன் நடந்ததைச் சொல்லி, பத்திரம் பதியும் நொத்தேர் முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், இறந்தார் என்று தீர்ப்புக் கிடைக்குமாம். பங்குச் சாமியாரும் பூசை வைக்க ஒரு சாட்சி கேட்கிறார். மாமியாரோ, "உசுரோட இருக்கறவனுக்கு மோட்ச பூசை வெக்கக் கூடாது. பாத்தவன் சொல்லட்டும்" என்கிறார். பார்த்தவன் நீ. பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றாவது எழுது. இரண்டில் ஒன்றை எழுத உனக்கு என்ன கேடு?

மோட்சத்துச் சம்மனசுகள் உன்னைக் காக்கட்டும்.

உன் அக்காள்
பெர்னதெத்


பாரிஸ்
2 ஏப்ரல் 1961

அன்புள்ள அக்காவுக்கும் ரோசா அத்தைக்கும் தோத்திரம். என் சளி போய்விட்டது. அத்தையின் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன், சூடு பறக்கத் தேய்க்கவும்.

இங்கே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. சளியினால் அல்ல, பத்திரிகைக்காரர்களால். நான் காவல் வேலை பார்க்கும் ஸ்டூடியோவில்தான் இந்தப் படம் எடுத்தார்கள் என்று சொன்னேன் அல்லவா. மத்தியானம் படியில் உட்கார்ந்து ரொட்டி தின்னும்போது டைரக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி என் படத்திலும் உட்காருகிறாயா" என்று கேட்டார். படத்தின் பெயர் 'படிக்கட்டு மனிதன்'. சண்டையிலிருந்து ஊர் திரும்பும் ஒருவனை அவன் பெண்டாட்டிக்கும் அடையாளம் தெரியவில்லை, அக்கம்பக்கத்தாருக்கும் தெரியவில்லை. தான் யார் என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. அவன் ஏறி இறங்கும் படிக்கட்டில் வேற்றூரான் ஒருவன் எப்போதும் உட்கார்ந்திருக்கிறான். அது நான்தான். கடைசியில் அவன் என் பக்கத்தில் வந்து உட்காருவான். நான் இரண்டு நிமிடம் தமிழில் பேசுவேன். அவனுக்குப் புரியாது. அழுவான். படம் முடிந்தது.

பாரிஸே தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. நாலு பத்திரிகைத் துண்டுகளை இத்துடன் வைத்திருக்கிறேன், படித்துப் பார். ஒருத்தன் என்னை "சாவின் உருவகம்" என்கிறான். இன்னொருத்தன், "மொழி பிறப்பதற்கு முந்திய ஓசை, அர்த்தம் இல்லாததே அதன் மகத்துவம்" என்கிறான். மூன்றாமவன் என்னை ஊமை என்றே எழுதிவிட்டான். இரண்டு நிமிடம் வாய் ஓயாமல் பேசியவன் ஊமையா? என் பெயரை ஒருத்தனும் போடவில்லை. படத்தின் முகப்பில் என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா? "படிக்கட்டில்: ஓர் இந்து." அஞ்சு தலைமுறையாக ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம் நம்முடையது. டைரக்டரிடம் கேட்டேன். இந்தியாவிலிருந்து வந்தவன் எல்லாம் இந்துதானே என்றார்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. மற்றவை அடுத்த கடிதத்தில்.

தம்பி
தனிஸ்லாஸ்


சேசு மரி சூசை துணை

புதுச்சேரி
20 ஏப்ரல் 1961

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு இருவரும் சுகம். தைலம் வந்தது, நாற்றம் தெரு முனை வரைக்கும் போகிறது. உன் சுகத்துக்கு எழுதவும்.

பத்திரிகைத் துண்டுகளைப் படித்தேன். இவர்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. நூறு பேர் பேசும் பாஷையா, அர்த்தம் இல்லாத ஓசை என்பதற்கு? பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டு, இவன் என்ன சொல்கிறான் என்று கேட்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. கேட்டால் மகத்துவம் போய்விடும் என்று பயம் போலிருக்கிறது. நம் தெய்வநாயகம் ஐயாவின் மாதப் பத்திரிகையில் நான் சினிமா விமர்சனம் எழுதுவது உனக்குத் தெரியும். இந்தக் கூத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார். ஆகையால் கேட்கிறேன், அந்த இரண்டு நிமிடத்தில் நீ என்னதான் பேசினாய்?

அடுத்தது, நீ என்னை ஏமாற்றிவிட்டதாக நினைக்காதே. நாலு பக்கம் எழுதியவனுக்கு உன் மாமாவைப் பற்றி நாலு வார்த்தை எழுத இடம் இல்லாமல் போய்விட்டது. உன் பெயரைப் போடவில்லை என்று உனக்கு இவ்வளவு கோபம் வருகிறதே, அவர் பெயருக்குப் பின்னால் என்ன போடுவது என்று தெரியாமல் நான் இருக்கிறேனே, எனக்கு எவ்வளவு வர வேண்டும்?

அக்காள்
பெர்னதெத்


பாரிஸ்
15 ஜூன் 1961

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். நான் சுகம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும், ஸ்டூடியோவில் ஆள் பற்றாக்குறை.

படத்தில் பேசியது சும்மா வாய்க்கு வந்தது. "உன் பாஷையில் என்ன வேண்டுமானாலும் பேசு, யாருக்கும் புரியப்போவதில்லை, மனசில் இருப்பதைக் கொட்டு" என்று டைரக்டர் சொன்னார். ஏதோ பழைய கதை. விமர்சனத்தில் எழுதும்படி அதில் ஒன்றும் இல்லை.

மாமா விஷயம் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. புகையும் சத்தமுமாக இருந்தது. ஞாபகமில்லாததை நொத்தேர் முன்னால் எப்படிச் சொல்வது? தயவுசெய்து இதைத் திரும்பத் திரும்பக் கேட்காதே.

அத்தையின் முழங்காலுக்கு இன்னொரு புட்டி அனுப்பட்டுமா?

தம்பி
தனிஸ்லாஸ்


சேசு மரி சூசை துணை

புதுச்சேரி
28 ஆகஸ்ட் 1961

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், சுகத்துக்கு எழுதவும். புட்டி வேண்டாம்.

ஞாபகமில்லை என்று நீ எழுதிய காகிதத்தை மாமியாருக்குப் படித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அந்தக் காகிதம் அடுப்புக்குள் போயிருக்கும். பத்து வருஷத்துக்கு முன்னால் ரொட்டியில் எந்தப் பக்கம் கருகியிருந்தது என்பதையெல்லாம் எழுதுகிறவன் நீ.

ஒரு செய்தி. கடற்கரைப் பக்கத்து பிரெஞ்சு சினிமா கிளப்புக்கு உன் படம் வருகிறது. செப்டம்பர் 16, சனிக்கிழமை சாயங்காலம். கிளப் தலைவர் ஒரு ரிட்டையர்டு ஜட்ஜ், முசியே லாபோர்த். படத்தைப் பற்றி வந்த விமர்சனம் அத்தனையும் படித்துவிட்டு ஆகாயத்தில் மிதக்கிறார். எனக்கு இரண்டு பாஷையும் தெரியும் என்பதால் படத்துக்கு முன்னால் நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார். நடித்தவன் என் தம்பி என்று அவருக்குத் தெரியாது. மேடையில் வைத்துச் சொல்லப்போகிறேன். ஊமை பேசுவதை ஊரே கேட்கட்டும்.

அக்காள்
பெர்னதெத்


பாரிஸ்
7 செப்டம்பர் 1961

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. விமானத் தபாலில் எழுதுகிறேன், சமயத்துக்குள் சேர வேண்டும். அந்தப் படத்துக்குப் போகாதே. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு. நம் ஜனங்கள் யாரும் போக வேண்டாம் என்று சொல். அது நம் ஊருக்கு வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காரணம் கேட்காதே. அம்மா கல்லறை மேல் ஆணையாகக் கேட்டுக்கொள்கிறேன், போகாதே.

தனிஸ்


புதுச்சேரி
26 நவம்பர் 1961

தனிஸ்லாஸுக்கு,

செப்டம்பருக்குப் பிறகு நீ எழுதிய இரண்டு கடிதங்களும் இங்கே பிரிக்காமல் கிடக்கின்றன. போகாதே என்று எழுதியது செப்டம்பர் 18-ஆம் தேதி வந்தது. படம் 16-ஆம் தேதியே முடிந்துவிட்டது. இரண்டு மாதமாக எழுத உட்காருவேன், ஒரு வரி எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். இன்று கிழிக்கவில்லை.

மேடையில் உன்னை என் தம்பி என்று பெருமையாகச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. எல்லாரும் கைதட்டினார்கள். படம் ஓடியது. கடைசியில் நீ வாயைத் திறந்தாய். நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன். அன்று கேட்டது ஒரு எழுத்துக்கூட எனக்குத் தவறவில்லை.

"மாமா ஆத்தத் தாண்டல. வயித்துல குண்டு. என் கையப் புடிச்சிக்கினு, 'ஒத்தக் கம்மலுகிட்ட சொல்லுடா, நான் வரமாட்டேன், காத்துக்கினு கெடக்க வேணாம்னு சொல்லுடா'ன்னாரு. யாரு அந்த ஒத்தக் கம்மலு? எனக்குத் தெரியல. கைய உருவிக்கினு ஓடியாந்துட்டேன். பின்னாலருந்து பேரு சொல்லிக் கூப்புட்டாரு. அப்பறம் கூப்புடல. நான் திரும்பிப் பாக்கல. அக்காவுக்கு என்னான்னு எழுதறது? காணாமப் போயிட்டாருன்னு கேப்டன்கிட்ட சொன்னேன், அக்காவுக்கும் அதையே எழுதுனேன். அது பாவம், காத்துக்கினு இருக்குது."

முன்வரிசை வெள்ளைக்காரர்கள் தலையைச் சாய்த்து ரசித்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசைகளில் நம்மவர்கள் இருபது பேர் படத்தை விட்டு என்னைப் பார்த்தார்கள். பங்குச் சாமியார் இருந்தார். கோவிந்தராசு இருந்தார். விளக்குப் போட்டதும் முசியே லாபோர்த் எழுந்து, "மதாம், உங்கள் தம்பி சொன்னது ஒரு பழைய பிரார்த்தனைதானே? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். நான் எழுந்து நின்று பிரெஞ்சில் வரி வரியாகச் சொன்னேன். வகுப்பில் பாடம் சொல்வதுபோலச் சொன்னேன். ஒரு சீமாட்டி, "எவ்வளவு அற்புதம், இதை யார் எழுதியது?" என்று கேட்டாள். "யாரும் எழுதவில்லை, மதாம். சாகக் கிடந்தவர் என் புருஷன்" என்றேன்.

ஒத்தக் கம்மல் யார் என்று உனக்குத் தெரியாதாமே. சொல்கிறேன், கேட்டுக்கொள். என் கல்யாணத்தன்று கோயில் நெரிசலில் என் கம்மல் ஒன்று தொலைந்தது. ஒரு காது மூளியாகத்தான் அன்று அவர் வீட்டுக்குள் நுழைந்தேன். அன்றிலிருந்து அவர் எனக்கு வைத்த பெயர் அது. எங்கள் அறையைத் தாண்டி அந்தப் பெயர் வெளியே வந்ததில்லை. மாமியாருக்குக்கூடத் தெரியாது.

காத்திருக்க வேண்டாம் என்று அவர் எனக்குத்தான் சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தையை நீ பத்து வருஷம் வாயில் அடக்கி வைத்திருந்தாய். அடக்கி வைத்ததை ஒரு கேமராவிடம் சொன்னாய். எனக்கு எழுத உனக்கு ஞாபகம் இல்லை, சினிமாவுக்குப் பேச மட்டும் எல்லாம் ஞாபகம் இருந்தது.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். அவர் அழவில்லை. "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். சொன்னேன். மூன்று தடவை சொல்ல வைத்தார். பிறகு, "புள்ள சொன்ன சேதியக் கொண்டாந்து குடுக்க இவனுக்குப் பத்து வருசமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை உனக்கு அனுப்பிவைக்கிறேன்.

நொத்தேர் முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

பெர்னதெத்


பாரிஸ்
10 டிசம்பர் 1961

அக்கா,

உன் காலில் விழுந்து எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள். எனக்கு அப்போது இருபது வயசு. குண்டுபட்டவனை விட்டு ஓடினேன் என்று சொன்னால் பட்டாளத்தில் என்ன செய்திருப்பார்கள் என்று உனக்குத் தெரியாது. அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. ஒத்தக் கம்மல் என்றதும் மாமாவுக்கு வேறு எவளோ இருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். அதை உனக்கு எப்படி எழுதுவது? உன் மனசு நோகக் கூடாது என்றுதான் மூடி மறைத்தேன். சத்தியம்.

இப்போது ஒரு சங்கடம். நீ பிரெஞ்சில் சொன்னதை முசியே லாபோர்த் கிளப் இதழில் அச்சடித்து இங்கே அனுப்பிவிட்டார். அர்த்தம் இல்லாததே மகத்துவம் என்று எழுதினானே, அவனே என்னைத் தேடி ஸ்டூடியோ வாசலுக்கு வந்தான். இது நிஜமா, நடிப்பா என்று கேட்டான். நிஜம் என்றால் பட்டாளச் சிபாரிசில் வந்த இந்த வேலை போகும். பயத்தில், நடிப்பு என்று சொல்லிவிட்டேன். நானே கற்பனை செய்து பேசியது என்று சொன்னேன். அவன் ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறான். இத்துடன் வைத்திருக்கிறேன். "பொய்யை மெய்யாக்கும் மாபெரும் நடிகன்" என்று என் பெயரை முழுசாகப் போட்டிருக்கிறான். டைரக்டர் அடுத்த படத்தில் பெரிய வேஷம் தருவதாகச் சொல்கிறார்.

இப்போது எப்படிக் கையெழுத்துப் போடுவது? கொஞ்ச நாள் பொறு, அக்கா.

தனிஸ்


புதுச்சேரி
21 ஜனவரி 1962

தனிஸ்லாஸுக்கு,

உன் துண்டை எடுத்துக்கொண்டு, இது பொய் என்று சொல்லக் கோர்ட்டுக்குப் போனேன். அங்கே அதற்கு முன்பே முசியே லாபோர்த் மூலமாக ஒரு பிரதி வந்து சேர்ந்திருந்தது. "பேசியவரே நடிப்பு என்கிறாரே, மதாம்" என்று கையை விரித்துவிட்டார்கள். உனக்குப் பெயர் வாங்கித் தந்த அதே காகிதம், படம் பார்த்த பிறகு நான் கொடுத்திருந்த மனுவைக் குழியில் தள்ளிவிட்டது. முன்பு உன்னை ஊமை என்றார்கள். அது எவ்வளவோ மேல்.

என் மனசு நோகக் கூடாது என்று மறைத்தாயாமே. நீ ஓடியதை மறைக்க அவருக்கு ஒரு பெண்பிள்ளையைக் கட்டிவிட்டு, அதற்கு என் மனசைச் சாக்குச் சொல்கிறாய். செத்தவரை உன் மனசுக்குள் பத்து வருஷம் கேவலப்படுத்தி வைத்திருந்தாய். ஓடியதைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். இருபது வயசுப் பிள்ளை, பயந்துவிட்டான் என்று என் மனசை நானே தேற்றிக்கொள்வேன். இதைப் பொறுக்க முடியாது.

கோர்ட் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சாமியார் ஒத்துக்கொண்டார். ஒத்தக் கம்மல் என்ற பெயர் என் புருஷன் வாயைத் தவிர வேறு எங்கிருந்தும் உனக்குக் கிடைத்திருக்க முடியாது என்று பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் ரகசியமாக இல்லாமல் வெளியே நின்றே சொன்னேன். அவரும் தன் காதால் கேட்டவர்தானே. மாமியாரைக் கேட்டார். "பாத்தவன் சொல்லிட்டான் சாமி. யாருகிட்ட சொன்னான்னா என்னா" என்றார் மாமியார். ஜனவரி 9-ஆம் தேதி கறுப்புத் துணி போர்த்திய காலிப் பெட்டி வைத்து மோட்ச பூசை நடந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடினார்கள். மாமியார் அன்றுதான் அழுதார்.

தெய்வநாயகம் ஐயாவுக்கு என் விமர்சனத்தையும் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம் கேட்டார், மூன்று வரி கொடுத்தேன். "இந்தப் படத்தில் எல்லாரும் நன்றாக நடிக்கிறார்கள். படிக்கட்டில் இருப்பவன் மட்டும் நடிக்கவில்லை. படம் முடிந்த பிறகுதான் அவன் நடிக்கத் தொடங்கினான்." அப்படியே போட்டிருக்கிறார்.

நம் வழக்கப்படி கறுப்புக் கரை போட்ட மரண அட்டை அடித்து எல்லா வீடுகளுக்கும் கொடுத்தேன். பாரிஸில் இருக்கும் நம் ஊர்க் குடும்பங்கள் அத்தனைக்கும் தபாலில் போயிருக்கிறது. உனக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். துக்கப்படும் உறவினர் வரிசையில் தாய் ரோசா, மனைவி பெர்னதெத் என்று போட்டிருக்கும். அச்சகத்தில், "கூடப் பொறந்த தம்பி பேர வுட்டுட்டீங்களேம்மா" என்று கேட்டார்கள். விடவில்லை, கீழே இருக்கிறது பாருங்கள் என்றேன். நீயும் பார். "மரணத்தை நேரில் கண்டவர்: தனிஸ்லாஸ், பாரிஸ்."

பெர்னதெத்


பாரிஸ்
18 பிப்ரவரி 1962

அன்புள்ள அக்காவுக்கும் ரோசா அத்தைக்கும்,

தோத்திரம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

அட்டை வந்தது. இங்கே எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே நின்றேன், நம் ஊர்க்காரர்கள் ஒருவரும் கை கொடுக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் கிட்டே வந்து, "கூப்பிட்டது காதில் விழுந்ததா?" என்று கேட்டார். விழுந்தது என்றேன். அவரும் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நொத்தேரிடம் போனேன். ஆறு, நேரம், குண்டு பட்ட இடம், அவர் சொன்ன சேதி, நான் ஓடியது, எதையும் விடவில்லை. கையெழுத்துப் போட்டுப் பத்திரத்தை இத்துடன் அனுப்புகிறேன். ஸ்டூடியோவிலும் டைரக்டரிடமும் நானே சொல்லிவிட்டேன். வேலை இந்த மாதத்தோடு சரி. அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், அக்கா. வருஷப் பூசைக்கு மறுபடி அட்டை அடிப்பாய் அல்லவா. அதில் மேல் வரிசையில் என் பெயரையும் சேர்ப்பாயா? பதில் எழுது. திட்டியாவது எழுது.

உன் தம்பி
தனிஸ்லாஸ்


புதுச்சேரி
11 மார்ச் 1962

பத்திரம் கிடைத்தது. கோர்ட்டில் கொடுத்தாயிற்று.

இப்படிக்கு,
காலஞ்சென்ற சவரிராயன் மனைவி
பெர்னதெத்